பேர் ஒன்றே கூலி

தோட்டத்திலே 'பேர்' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. விடியலிலே பெரட்டுக்களத்தில் நின்று, மலை ஏறி, குறித்த அளவு கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். நிறுவை குறைந்துவிட்டால் அரைப் பேர். ஆக, பேர் என்றால் ஒருநாட் கூலி. பூண்டுலோயாவிலும் அதனைச் சூழ்ந்த மலைகளிலும் வாழும் நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியுலகத்திலோ கூலி வேறு, பேர் வேறு. அங்கே பேர் என்பது புகழ். கூலியைக் கருதாது அந்தப் பேரை மாத்திரம் ஈட்டிய மல்லர் ஒருவரைப் பற்றி இவ்வாரம் பேசுவோம்.

'அமெச்சூர்' என்ற சொல் நமக்குப் புதிதன்று. நாடக சபைகளின் விளம்பரங்களிலே அதைக் கண்டிருக்கிறோம். பிழைப்புக்காக அன்றி, விருப்பத்துக்காக ஒரு கலையிலே ஈடுபடுகிறவர் என்பது அதன் பொருள். இலத்தீன் மொழியில் அன்பைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. பொருள் அழகாய்த்தான் இருக்கிறது. ஆனால் அதன் சரித்திரம் அவ்வளவு அழகானதன்று. இங்கிலாந்திலே புகழ்பெற்ற ஹென்லி படகுப் பந்தயத்தை நடத்தியவர்கள் 1879ஆம் ஆண்டில் ஒரு விதி வகுத்தார்கள். கூலிக்கு உடலுழைப்புச் செய்கிறவன் அமெச்சூர் ஆகமாட்டான் என்பது அவ்விதி. உழைத்துக் காய்த்துப்போன கைக்கு, விருப்பத்துக்காகத் துடுப்புப் பிடிக்கும் உரிமைகூட இல்லை! ஏழைக்கு விளையாட்டு எதற்கு என்ற எண்ணம் அன்று சட்டமாகவே இருந்தது.

குத்துச்சண்டைக் கோதாவிலே இந்த எண்ணம் நிலைக்கவில்லை. அங்கே பேர் பெற்றவர்களிற் பலர் எளிய குடும்பத்துப் பிள்ளைகள். நமது தீவுக்கும் இவ்விளையாட்டிலே ஒரு பெருமை உண்டு. 1938ஆம் ஆண்டில் சிட்னி நகரில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டு விழாவில், பெதர்வெயிட் எனும் இறகு எடைப் பிரிவில் இலங்கையின் பார்னி ஹென்ரிக்கஸ் தங்கப் பதக்கம் வென்றார். அவ்விழாக்களிலே இலங்கைக்குக் கிடைத்த முதற் தங்கம் அதுவே.

நாம் சொல்ல வந்த மல்லர் பிறந்தது பாரதத்தின் வடக்கே, இன்றைய ஹரியானா மாநிலத்தில், பிவானி நகருக்கு அருகேயுள்ள ஒரு கிராமத்தில். அவர் பெயர் ஹவா சிங். ஹவா என்றால் காற்று. சிங் என்றால் சிங்கம். 1937ஆம் ஆண்டு பிறந்த அவர், 1956இல் சிப்பாயாக இராணுவத்திற் சேர்ந்தார். கையுறை அணிந்து குத்தப் பழகியது அங்கேதான். 1960இல் மேற்குப் பிராந்தியப் படைப்பிரிவின் சாம்பியனை வீழ்த்தி அப்பட்டத்தைத் தமதாக்கிக்கொண்டார். அடுத்த ஆண்டு ஹெவிவெயிட் எனும் அதிக எடைப் பிரிவில் தேசிய சாம்பியன் ஆனார். பின்னர் தொடர்ந்து பதினொரு தேசியப் போட்டிகளில் அப்பட்டத்தை அவரிடமிருந்து பறிக்க எவராலும் இயலவில்லை.

பதினொரு முறை என்று எழுதுவது எளிது. இருபத்துநான்கு வயதிலே ஏறிய சிகரத்தில் முப்பது தாண்டிய பின்னும் நிற்பதென்றால், ஆண்டுதோறும் புதிது புதிதாய் வரும் இளங்காளைகளுக்கெல்லாம் முகங்கொடுக்க வேண்டும். ஒரு நாள் உறங்கிவிட்டாலும் போயிற்று.

இத்தகைய வீரருக்கும் விதி ஓரிடத்திலே கதவை அடைத்தது. 1962இல் ஜகார்த்தாவிலே ஆசிய விளையாட்டு விழா. சீன எல்லையிலே போர் மேகம் சூழ்ந்திருந்த காலம் அது. சிப்பாய் ஹவா சிங்குக்குப் பயணம் வாய்க்கவில்லை. கடமை முந்திற்று, பதக்கம் பிந்திற்று. நான்காண்டு காத்திருந்தார். 1966இல் பாங்கொக் நகரிலே தங்கம் வென்றார். 1970இல் அதே நகரிலே மீண்டும் தங்கம் வென்றார். அடுத்தடுத்த இரு ஆசிய விழாக்களில் தங்கம் வென்ற இந்தியக் குத்துச்சண்டை வீரர் அவர் ஒருவரே. ஆயினும் ஒலிம்பிக் கோதாவில் ஏறும் வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை.

அவருடைய ஆட்சி முடிவுற்ற 1972ஆம் ஆண்டிலேதான், உலகின் மறுகோடியில் மற்றொரு அமெச்சூரின் ஆட்சி தொடங்கிற்று. கியூபாவின் தியோபிலோ ஸ்டீவன்சன் மியூனிக் ஒலிம்பிக்கில் அதே அதிக எடைப் பிரிவிலே தங்கம் வென்றார். 1976, 1980 விழாக்களிலும் தங்கம் அவருக்கே. அவருடைய தந்தை செயின்ட் வின்சென்ட் என்னும் சிறு தீவிலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர். ஸ்டீவன்சன் பிறந்த ஊரோ கரும்பும் சர்க்கரையும் கப்பலேறும் துறைமுகம். கடல் தாண்டி வந்து தோட்டம் உண்டாக்கியவர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு, இந்த வரலாறு அந்நியமாகத் தோன்றுமா?

அமெரிக்கப் பந்தய முதலாளிகள் ஸ்டீவன்சனைச் சும்மா விடவில்லை. முகம்மது அலியுடன் மோத வாருங்கள், பத்து இலட்சம் டொலர் தருகிறோம் என்று வலை வீசினார்கள்; தொகையை மேலும் ஏற்றினார்கள். அவர் இணங்கவில்லை. தம் நாட்டு மக்களின் அன்புக்கு முன் அப்பணம் எம்மாத்திரம் என்பது அவர் விடை. இதை மெச்சும்போது ஓர் உண்மையையும் மறைக்கலாகாது. 1960களின் தொடக்கத்திலேயே கியூபா தொழில்முறை விளையாட்டைத் தடை செய்திருந்தது. பணத்துக்காகக் குத்த வேண்டுமானால் தாய்நாட்டைத் துறக்க வேண்டும். ஆகவே அவர் மறுத்தது பணத்தை மாத்திரமல்ல, நாடு கடந்த வாழ்வையுந்தான். 2012இல் ஹவானா நகரில் அவர் காலமானார். அவரும் அலியும் கோதாவிலே சந்திக்கவில்லை. பிற்காலத்தில் நண்பர்களாய்ச் சந்தித்தார்கள். 2022இல் கியூபாவே தன் வீரர்கள் தொழில்முறைக் கோதாவில் இறங்க இசைந்தது.

இங்கே மாணவர்கள் ஒரு கேள்வி கேட்கக்கூடும். பணம் வாங்கிக் குத்துவது பாவமா? இல்லவே இல்லை. உழைத்தவன் கூலி வாங்குவது நியாயம். கூலிக்காகவே தலைமுறை தலைமுறையாய்ப் போராடி வரும் நாம் அதை மறுத்தால் நகைப்பார்கள். இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஹவா சிங் பேருக்காகவே குத்தினார் என்கிறோம். அவருடைய வயிற்றுக்குச் சோறு போட்டது யார்? இராணுவம். ஸ்டீவன்சனுக்குச் சோறு போட்டது அவர் நாட்டு அரசு. உலையில் அரிசி இல்லாத வீட்டிலே, விருப்பத்துக்காக மாத்திரம் விளையாடு என்று பிள்ளைக்கு உபதேசிப்பது, அந்த ஹென்லிக் கனவான்களின் விதியை வேறு வார்த்தையிலே சொல்வதாகும்.

அப்படியாயின், பேரை மாத்திரம் வாங்கிய ஹவா சிங்கிடம் நாம் கற்பது யாது? அவர் அந்தப் பேரை என்ன செய்தார் என்பதே. அவர் பட்டணத்தை நாடிப் போய்விடவில்லை. பிவானிக்கே திரும்பினார். அங்கே வயலிலே உழுது வந்த குடும்பங்களின் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, தாம் கற்ற வித்தையைக் கற்பித்தார். சிறந்த பயிற்றுநருக்குரிய துரோணாச்சாரியார் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதைக் கையில் வாங்க இரண்டு வாரங்களே இருந்த நிலையில், 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆந் தேதி அவர் உயிர் திடீரெனப் பிரிந்தது. விருதை அவருடைய மனைவியார் பெற்றுக்கொண்டார்.

அவர் மறைந்து எட்டாண்டு கழிந்தது. 2008 பீஜிங் ஒலிம்பிக்குக்கு இந்தியா அனுப்பிய குத்துச்சண்டை வீரர் ஐவர்; அவர்களில் நால்வர் பிவானிப் பயிற்சிக்களத்திலிருந்து புறப்பட்டவர்கள். அந்நால்வரில் ஒருவரான விஜேந்தர் சிங் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியாவுக்குக் கிடைத்த முதற் பதக்கம் அதுதான். ஹவா சிங் தம் காலால் மிதிக்க முடியாத கோதாவை, அவருடைய ஊர் மிதித்தது. அவ்வூரைச் 'சின்னக் கியூபா' என்றே அழைக்கலானார்கள். பின்னாளில் விஜேந்தர் தொழில்முறை வீரராகிப் பணமும் ஈட்டினார். அதனால் பிவானியின் பெருமை குறைந்துவிடவில்லை. 2025இல் லிவர்பூல் நகரில் நடந்த உலகப் போட்டியிலே ஹவா சிங்கின் பேத்தி நூபுர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பாட்டனார் ஆடவர் மாத்திரமே குத்திய காலத்தவர்; பேத்தி அவர் பேரைச் சொல்லிக் கோதா ஏறினார்.

பூண்டுலோயாப் பக்கத்து லயங்களிலே மாலைவேளையில் பந்து விளையாடும் பிள்ளைகளை எண்ணுகிறோம். கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கும் தாயின் கால்வலிமை அவர்களிடம் இருக்கிறது. மூச்சு இருக்கிறது, மலைக்காற்றே அதற்குப் பயிற்சி. இல்லாதது இரண்டு. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு வயிறார ஒருவேளை உணவு. பக்கத்தில் நின்று பிழை திருத்த ஓர் ஆசான். முன்னதைப் பெற்றோரும் பள்ளியும் தோட்டச் சங்கங்களும் கூடினால் தரலாம். பின்னதைத் தரவேண்டியவர் யார்? இதே லயங்களிலே வளர்ந்து, ஓட்டத்திலோ பந்திலோ கல்வியிலோ பேரெடுத்து, இன்று கொழும்பிலும் பிற நகரங்களிலும் இருப்பவர்கள் அன்றோ? வாரத்திலே ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமையாயினும், அவர்கள் மலையேறி வந்தால் போதும். அந்த ஒரு நாளைக்குச் செக்ரோலில் பேர் விழாது. ஆனால் பிள்ளைகளின் நெஞ்சிலே விழும்.