குங்குமம் மட்டும் போதுமா?

ஆயுத பூஜை வந்தால் டில்லியில் இருக்கும் தமிழ் மாணவனுக்கு ஊர் நினைவும் வந்துவிடுகிறது. விடுதி வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களைக் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டுகிறோம். நல்ல வழக்கந்தான். நமக்காக உழைக்கும் கருவிக்கு வருஷத்தில் ஒரு நாளாவது நன்றி கூறுவது பண்புள்ள செயல். ஆனால் பூஜை முடிந்ததும் அதே வண்டியின் பின்புறம் சற்றுக் குனிந்து செயினைப் பாருங்கள். டில்லிப் புழுதியும் பழைய எண்ணெயும் குழைந்து கறுத்துக் கிடக்கும். துருவும் தலை காட்டும். நெற்றியிலே குங்குமம், காலிலே புண்! இதுவா நன்றி?

சோம்பல் என்ற ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிட நான் விரும்பவில்லை. வண்டியின் அமைப்பிலும் ஒரு காரணம் இருக்கிறது. நம் தகப்பனார்கள் ஓட்டிய வண்டிகளுக்குச் சென்டர் ஸ்டாண்டு இருந்தது. அதன்மேல் ஏற்றிவிட்டால் பின்சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கும். கையால் சுழற்றிச் செயினைத் துடைக்கலாம். ரயில் பார்சலில் நாம் ஊரிலிருந்து அனுப்பி வரவழைத்த வண்டியானாலும் சரி, இங்கே கைமாற்றாக வாங்கிய வண்டியானாலும் சரி, 150 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள இன்றைய வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்டு ஒன்றுதான் உண்டு. சாய்ந்து நிற்கும் வண்டியில் பின்சக்கரம் தரையை அழுத்திக்கொண்டு நிற்கிறது. செயினை எப்படிச் சுழற்றுவது?

இதற்கு விடுதிகளில் கண்டுபிடித்திருக்கும் உபாயந்தான் என்னைப் பேனாவை எடுக்கச் செய்தது. செங்கல்லோ மரக்கட்டையோ முட்டுக்கொடுத்துப் பின்சக்கரத்தைத் தூக்குகிறார்கள். எஞ்சினை ஓடவிட்டு முதல் கியரைப் போடுகிறார்கள். ஓடுகிற செயினில் துணியை வைத்துப் பிடிக்கிறார்கள். ஐந்தே நிமிஷத்தில் வேலை முடிந்துவிடுகிறது என்பது உண்மை. விரலும் முடிந்துவிடலாம் என்பதும் உண்மை.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டே பார்ப்போம். 150 சி.சி. வண்டியின் எஞ்சின், ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது நிமிஷத்துக்கு ஏறத்தாழ 1,400 சுற்றுச் சுற்றுகிறது. முதல் கியரில் பின்சக்கரம் அதைவிட 25 மடங்கு மெதுவாகச் சுழல்கிறது என்று கொள்வோம். அப்படியானால் சக்கரத்துக்கு நிமிஷத்தில் 56 சுற்று. விநாடிக்கு ஏறக்குறைய ஒன்று. "இவ்வளவு மெதுவாகத்தானே சுற்றுகிறது!" என்ற துணிச்சல் இதனால்தான் பிறக்கிறது. ஆனால் 428 என்று எண்ணிட்ட செயினில் ஒரு கண்ணியின் அளவு 12.7 மில்லிமீட்டர். பின் பல்சக்கரத்தில் 45 பல் இருந்தால், ஒரு சுற்றில் 57 சென்டிமீட்டர் செயின் அதன்மேல் ஏறி இறங்குகிறது. துணியின் நுனி பல்லில் சிக்கியதைக் கண் கண்டு, மூளை அறிந்து, கை பின்வாங்குவதற்கு ஐந்தில் ஒரு விநாடியாவது ஆகும். அதற்குள் செயின் 10 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போய்விடும். நம் ஆள்காட்டி விரலின் நீளமோ ஏழெட்டுச் சென்டிமீட்டர்தான்! மேலும், வேகம் எத்தனை மடங்கு குறைகிறதோ ஏறக்குறைய அத்தனை மடங்கு முறுக்கு விசை பெருகுகிறது. ஒரு விரல் குறுக்கிட்டது என்பதற்காக அந்த யந்திரம் நின்றுவிடாது.

சரி, துடைக்காமலே விட்டுவிடலாமா? அதுவும் ஆகாது. எண்ணெயற்ற செயின் தேய்கிறது. பல்சக்கரத்தையும் சேர்த்துத் தேய்க்கிறது. தளர்ந்த செயின் ஓடும்போது பல்லைவிட்டு நழுவினால் பின்சக்கரத்தையே இறுக்கி நிறுத்திவிடலாம். ரிங் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இந்த இக்கட்டுக்கு எளிய பரிகாரம் ஒன்று இருக்கிறது: இரண்டு ஸ்பூல்கள், ஒரு ஸ்டாண்டு.

ஸ்பூல் என்பது பெயருக்கு ஏற்றபடி நூல் சுற்றும் கட்டையைப் போன்றது. நடுவே இடை சிறுத்து, விளிம்பு பருத்த சிறு உருளை. பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசைகிற சட்டத்துக்கு ஸ்விங் ஆர்ம் என்று பெயர். வண்டிகள் பலவற்றில் அந்தச் சட்டத்தின் இருபுறமும், சக்கரத்தின் அச்சுக்கு அருகே, மரையிட்ட துளை ஒன்றைச் செய்தவர்களே விட்டிருக்கிறார்கள். பக்கத்துக்கு ஒன்றாக அங்கே ஸ்பூலை வைத்துப் போல்ட்டால் முடுக்க வேண்டும். அவ்வளவே வேலை.

ஆனால் அந்த அவ்வளவிலும் கவனம் வேண்டும். இந்தப் போல்ட்டுகள் பெரும்பாலும் 6, 8, 10 மில்லிமீட்டர் என்ற மூன்று அளவுகளில் வருகின்றன. குறுக்களவு பொருந்தினால் மட்டும் போதாது. மரைக்கும் மரைக்கும் உள்ள இடைவெளியும் பொருந்த வேண்டும். 10 மில்லிமீட்டர் போல்ட்டிலேயே 1.25 இடைவெளி உள்ளதும் உண்டு, 1.5 உள்ளதும் உண்டு. மாறிப் போனதைப் பலவந்தமாக முடுக்கினால், அலுமினியச் சட்டத்துக்கும் எஃகுப் போல்ட்டுக்கும் நடக்கும் சண்டையில் எஃகே ஜயிக்கும். ஆகவே முதல் மூன்று நான்கு சுற்றுகளை விரலாலேயே முடுக்குங்கள். தடுத்தால் நிறுத்தி, அளவைச் சரிபாருங்கள். கடைசியில் ஸ்பேனரால் அளவோடு இறுக்கினால் போதும்; பலத்தைக் காட்டும் இடம் அதுவல்ல. மரை கழன்றது என்று மனிதர்களைக் கேலி செய்யும் நாம் வண்டிக்கு அந்த நிலையை உண்டாக்கலாகாது. துளையே இல்லாத வண்டியில் ட்ரில் போட்டுத் துளைக்கவோ வெல்டிங் வைத்து ஒட்டவோ முயலாதீர்கள். ஓட்டுகிறவனின் உயிரைத் தாங்கும் சட்டம் அது. அத்தகைய வண்டிகளுக்கு, அடியிலிருந்து ரப்பர்த் திண்டால் தாங்கும் ஸ்டாண்டு கடையில் கிடைக்கிறது.

இந்த ஸ்டாண்டைப் பேடாக் ஸ்டாண்டு என்று அழைக்கிறார்கள். பந்தயத் திடலில் வண்டிகளை ஆயத்தம் செய்யும் இடத்துக்குப் பேடாக் என்று பெயர். 2023 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவின் புத் திடலில் மோட்டோ ஜி.பி. பந்தயம் நடந்தது, அத்தகைய பந்தய வண்டிகளை நிறுத்தி வைப்பது இப்படிப்பட்ட ஸ்டாண்டுகளின் மேல்தான். பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல் தத்துவமே இதன் ரகசியம். 150 கிலோ வண்டியில் பின்பக்கம் ஏறத்தாழ 75 கிலோ தங்குகிறது. ஸ்டாண்டின் கைப்பிடிப் பக்கம், சுமைப் பக்கத்தைப்போல் ஆறு மடங்கு நீளமானால், 13 கிலோவைத் தூக்கும் பலம் போதும். மெலிந்த மாணவனும் தூக்கலாம், மாணவியும் தூக்கலாம். வண்டி ஓட்டும் நம் தோழியர், செயினுக்கு எண்ணெய் இட இனி எவர் தயவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

முதல் சில தடவை மட்டும் இருவராகச் செய்யுங்கள். சமதளமான தரையில், எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கட்டும். மற்றவர் ஸ்டாண்டின் இரு கவைகளும் இரு ஸ்பூல்களிலும் சரியாகப் பொருந்தியதைப் பார்த்துவிட்டுக் கைப்பிடியைக் கீழே அழுத்தட்டும். சக்கரம் உயர்ந்ததும் அதைக் கையால் மெதுவாகப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். அப்போது கீழ்ப்பக்கச் செயின் பின் பல்சக்கரத்தை விட்டு விலகிப் போகும். அங்கே பிரஷை வைத்தால் விரலை உள்ளே இழுக்காது. செயினுக்குள் ரப்பர் வளையங்கள் இருந்தால் பெட்ரோலும் கம்பி பிரஷும் கூடாது. துடைத்து, எண்ணெய் இட்டு, மிகுந்ததை வழித்துவிட்டால் அரை மணியில் வேலை முடிந்தது. செயினில் ஓரிடம் இறுக்கமாகவும் ஓரிடம் தளர்வாகவும் இருந்தால் அதுவும் இப்போது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

"மெக்கானிக் எதற்கு இருக்கிறார்?" என்று சிலர் கேட்கலாம். எஞ்சினைப் பிரிக்கவும், நமக்குத் தெரியாததைச் சரிசெய்யவும் அவர் இருக்கிறார். அவர் தொழிலுக்கு என் வணக்கம். ஆனால் செயினுக்கு எண்ணெய் இடுவது பல் துலக்குவதைப் போன்றது. பல் துலக்க எவரும் வைத்தியரிடம் போவதில்லை. இந்தக் கேள்விக்கு அடியில் வேறொரு எண்ணம் ஒளிந்திருக்கிறதோ என்பதே என் சந்தேகம். படித்தவன் கையில் கறை படியக் கூடாது என்ற பழைய எண்ணம் அது. பௌதிகமும் ரசாயனமும் படிக்க ஆயிரம் மைலுக்கு மேல் ரயிலேறி வந்திருக்கிறோம். நெம்புகோலைப் பற்றிப் பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதத் தெரிகிறது. அதே நெம்புகோலைக் கொண்டு சொந்த வண்டியைத் தூக்கத் தயங்குகிறோம். ரோலான் செயின் செய்யும் எல்.ஜி.பி. நிறுவனம் நம் கோயம்புத்தூரைச் சேர்ந்தது. செயினைச் செய்து தேசத்துக்குக் கொடுக்கத் தெரிந்த நாட்டின் பிள்ளைகளுக்கு அதைத் துடைக்கத் தெரியாது என்றால் ஊரார் சிரிக்க மாட்டார்களா?

ஸ்பூல் இணை ஒன்றுக்குச் சில நூறு ரூபாய் ஆகும். வண்டிக்காரர் தாமே வாங்கிக்கொள்ளட்டும். ஸ்டாண்டுக்குச் சில ஆயிரம் ஆகும். தனி மாணவனுக்கு அது பாரம். அவனுக்கு அது மாதத்தில் ஒரு மணி நேரந்தான் தேவைப்படுகிறது. பலருக்குச் சிறிது நேரம் தேவைப்படும் பொருளைப் பொதுவில் வாங்கி வைப்பதற்கு அல்லவா சங்கம் இருக்கிறது? கேரம் பலகை வாங்கினோம். இசைவிழாவுக்கு ஒலிபெருக்கி வாங்கினோம். இந்த வருஷக் கணக்கில் ஒரு பேடாக் ஸ்டாண்டையும், ரப்பர்த் திண்டுகள் ஒரு ஜோடியையும் சேர்க்க வேண்டுமென்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அதை விடுதிச் சைக்கிள் கொட்டகையில் வைத்து, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையைச் செயின் துடைக்கும் வேளையாக அறிவிக்கலாம். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தரட்டும். அதுவரை, நண்பர்களே, எஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் தொடுவதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.