விமானி மட்டுமா குற்றவாளி?

பேராதனைத் தாவரவியல் பூங்காவைச் சுற்றிப் பார்ப்பவர்கள் ஓர்க்கிட் மலர்களையும் நெடிதுயர்ந்த பனை வரிசைகளையும் ரசித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 1944 இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இயங்கியது அந்தப் பூங்காவில்தான். அந்தப் படைப்பிரிவின் வான்படைத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்கப் புறப்பட்ட ஒருவர் இலங்கைக்கு வந்து சேரவேயில்லை என்பதை இன்று நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே.

அவர் பெயர் சேர் ட்ராஃபோர்ட் லீ-மலோரி. நோர்மண்டித் தரையிறக்கத்தின்போது நேச நாடுகளின் வான்படைகளை நடத்தியவர். 1944 நவம்பர் 14 ஆம் திகதி இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட அவரது விமானம் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் மோதியது. அவரும் மனைவியும் விமானப் பணியாளர்களுமாகப் பத்துப் பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன. விபத்துக்கு மோசமான வானிலையே காரணம் என்றும், பணியாளர்களின் ஆலோசனையை மீறிப் புறப்பட்டே ஆகவேண்டுமென்று லீ-மலோரி வற்புறுத்தாதிருந்தால் அதைத் தவிர்த்திருக்கலாம் என்றும் விசாரணை மன்றம் முடிவு கூறியது.

கவனியுங்கள். இறந்துபோன விமானியின் தலையில் பழியைப் போட்டுக் கோப்பை மூடிவிடுவது எளிதாக இருந்திருக்கும். அவ்வாறு செய்யாமல், கட்டளையிட்டவரின் பெயரை எழுதியது அந்த மன்றம்.

அதே பிரித்தானியா பின்னர் வழுக்கியும் விழுந்தது. 1994 ஜூன் 2 ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் கின்டையர் முனையில் சினூக் ஹெலிகொப்டர் ஒன்று மலையில் மோதி 29 பேர் உயிரிழந்தனர். விசாரணைக்குழு சொல்லாத குற்றத்தை, அதன் அறிக்கையை மீளாய்வு செய்த இரண்டு உயர் அதிகாரிகள் 1995 இல் விமானிகள் மீது சுமத்தினர். "பாரிய கவனயீனம்" என்பது அவர்கள் தீர்ப்பு. குடும்பத்தினர் விடாது போராடினர். 2011 இல்தான் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டு, அரசு மன்னிப்புக் கோரியது. இறந்தவன் எதிர்வாதம் செய்யமாட்டான் என்ற வசதி, அதிகாரத்தில் இருப்பவர்களை எவ்வளவு தூரம் இட்டுச்செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்போது நம் பக்கம் வருவோம். 2021 டிசம்பர் 8 ஆம் திகதி குன்னூருக்கு அருகே இந்திய முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகொப்டர் வீழ்ந்து 14 பேர் மாண்டனர். மேகத்துள் நுழைந்த விமானி திசையுணர்வை இழந்தார் என்ற அளவில் சுருக்கமான முடிவு வெளிவந்தது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த வானிலையில் அந்தப் பயணத்துக்கு யார் எவ்வாறு அனுமதியளித்தார் என்பதை அறியும் உரிமை மக்களுக்கு இல்லையா?

இலங்கையைப் பாருங்கள். 2020 ஜனவரியில் ஹப்புத்தளையில் வை-12 விமானம் வீழ்ந்து நால்வர் பலி. 2025 மே 9 ஆம் திகதி விசேட படையினரின் பயிற்சி நிறைவு விழாவுக்காகப் பறந்த பெல் 212 ஹெலிகொப்டர் மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் வீழ்ந்து ஆறு பேர் பலி. அதே ஆண்டு நவம்பர் 30 ஆம் திகதி, டித்வா புயலில் கண்டி மாவட்டமே நிலைகுலைந்திருந்த நேரத்தில், நிவாரணப் பணியிலிருந்த மற்றொரு பெல் 212 லுணுவிலவில் வீழ்ந்து விமானி உயிரிழந்தார். பிறரைக் காக்கப் போனவர் அவர்.

பறந்தது விமானப்படை, விசாரணைக்குழுவை நியமிப்பவர் விமானப்படைத் தளபதி, அறிக்கை போய்ச் சேர்வதும் அவர் மேசைக்கே. வீட்டுக்காரனே களவையும் விசாரித்துத் தீர்ப்பும் எழுதுவது போன்றது இது. பயணிகள் விமான விபத்தை விசாரிக்கச் சர்வதேச விதிகள் உண்டு. லீ-மலோரி இறந்து மூன்று வாரங்களின் பின் கையெழுத்தான சிக்காகோ உடன்படிக்கை இராணுவ விமானங்களுக்குப் பொருந்தாது. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் தேசிய பாதுகாப்பு என்றொரு கதவு இருக்கிறது. அதைச் சாத்திவிட்டால் போதும்.

தமிழ் வாசகர்களில் சிலர் கேட்பது என் காதில் விழுகிறது: "விமானப்படை விமானம் விழுந்தால் நமக்கென்ன?" அந்தக் கசப்பை நான் அறிவேன். 1995 ஜூலை 9 ஆம் திகதி நவாலி தேவாலயத்தின் மீது குண்டு வீழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதற்கு இன்றுவரை எவரும் பொறுப்பேற்கவில்லை. ஆனால் அந்த மௌனமும் இந்த மௌனமும் ஒரே தாயின் பிள்ளைகள். மகன் ஏன் இறந்தான் என்று தன் சொந்தச் சிப்பாயின் தாய்க்கே முழுமையாகச் சொல்லப் பழகாத ஓர் அமைப்பு, நவாலித் தாய்க்கு எப்படிப் பதில் சொல்லும்?

கேட்பது பெரிய வரமன்று. படைக்குக் கட்டுப்படாத ஒரு விசாரணைக்குழு வேண்டும். இரகசியத் தொழில்நுட்ப விபரங்களை நீக்கிவிட்டு, பராமரிப்பு, வானிலை எச்சரிக்கை, கட்டளைச் சங்கிலி ஆகியவற்றை முழுமையாகச் சொல்லும் அறிக்கை வேண்டும். இது நடக்காத காரியமன்று. 2006 இல் ஆப்கானிஸ்தானில் நிம்ரொட் விமானம் தீப்பற்றி 14 பேர் இறந்தபோது, பிரித்தானியா ஹடன்-கேவ் என்ற சட்டத்தரணியிடம் மீளாய்வை ஒப்படைத்தது. அவர் 2009 இல் அதிகாரிகளையும் நிறுவனங்களையும் பெயர் சொல்லிக் கண்டித்தார். அதனால் அந்நாட்டின் பாதுகாப்பு இடிந்துவிடவில்லை; இராணுவ விமானப் பாதுகாப்புக்கெனத் தனி அதிகாரசபை ஒன்றுதான் பிறந்தது.

பேராதனைக்கு வராமலே போன தளபதியின் கோப்பில் உண்மை எழுதப்பட்டது. எண்பது ஆண்டுகளின் பின்னும் மாதுறு ஓயாவின் ஆறு பேருக்கு அதைக் கேட்டு வாங்கவேண்டியிருக்கிறது என்பதுதான் வெட்கம்.