நர்ஸம்மாவை யார் கேட்டது?

நம் டிபார்ட்மெண்டில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "கவர்மெண்ட் ஆஸ்பத்திரி ஸ்டாஃப்புக்குக் கம்ப்யூட்டர்னாலே அலர்ஜி!" போன வருஷம் வரை நானும் அதைச் சொல்லிச் சிரித்தவள்தான்.

எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்குப் பக்கம். அம்மா திராட்சைத் தோட்டக் கூலி. வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் தெருவில் யார் செல்போன் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன லீவில் துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மாவும் கூப்பிட்டார். "பாப்பா, நீ கம்ப்யூட்டர் படிக்கிறியாமே, இந்தப் பிக்மி ஏறவே மாட்டேங்குது. வந்து பாரேன்."

பிக்மி என்பது கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதிந்து கவனிக்க 2008-இல் தமிழக அரசு கொண்டுவந்த மென்பொருள். பதிந்தால் 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி வாங்க அது வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்கிறார்கள்.

நெட்டைச் சரிசெய்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். ஒரு அக்காவுக்கு பி.பி. பார்த்தார். அதைப் பெரிய நோட்டில் எழுதினார். பிறகு அந்த அக்காவின் அட்டையில் எழுதினார். சாயங்காலம் அதையே கம்ப்யூட்டரில் தட்டினார். ஒரே பி.பி., மூன்று தடவை! சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. பகலெல்லாம் வீடு வீடாக நடந்துவிட்டு, ராத்திரி இந்தத் தட்டல்.

"நோட்டை விட்டுடலாமே சிஸ்டர்?" என்றேன்.

"ஆய்வுக்கு வர்றவங்க நோட்டத்தான கேப்பாங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தலைன்னா மேலருந்து போன் வரும். ரெண்டு பக்கமும் திட்டு வாங்கறது நான்தான பாப்பா?"

இதற்குப் பெயர் அலர்ஜியா?

அவரே இன்னொன்றும் சொன்னார். ஏலத்தோட்ட வேலைக்குக் கம்பம்மெட்டு ஏறிப் போகும் பெண் ஒருத்தி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போனாளாம். அட்டையை இங்கேயே மறந்துவிட்டாள். அங்கே அந்த எண்ணைச் சொன்னதும், ரத்தம் குறைவு என்று இங்கே பதிந்தது தெரிந்திருக்கிறது. "அதுக்காகவே தட்டலாம் பாப்பா" என்றார். கம்ப்யூட்டரை வெறுப்பவர் பேசும் பேச்சா இது?

கற்றுக்கொள்ளவே மறுப்பவர்களும் இருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அமெரிக்காவைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் செடார்ஸ்-சினாய் என்ற பெரிய மருத்துவமனையில், டாக்டர்கள் மருந்து எழுதுவதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். பேனாவில் சட்டென்று முடிந்த வேலை இழுத்தடித்தது. டாக்டர்கள் கொதித்தெழ, 2003 ஜனவரியில் அதை நிறுத்தியே விட்டார்கள். அங்கே டாக்டர் மறுத்தால் சாஃப்ட்வேர் சரியில்லை. இங்கே நர்ஸ் முணுமுணுத்தால் நர்ஸ் சரியில்லையா?

கம்ப்யூட்டரில் ஏற்றினால் நோட்டு வேண்டாம் என்று ஒரு உத்தரவு போட்டு, ஆய்வுக்கு வருகிறவர்களும் ஸ்க்ரீனையே பார்க்கட்டும். பாதி முணுமுணுப்பு அன்றைக்கே அடங்கும் என்பது என் அபிப்பிராயம்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்றாலே வருஷா வருஷம் 'ஹாஸ்பிடல் மேனேஜ்மெண்ட் சிஸ்டம்'தானே! சீனியரிடம் வாங்கி, பெயரை மாற்றி, பைண்டிங் போட்டு வைவாவுக்குப் போகிறோம். நம்மில் எத்தனை பேர் ஒரு ஆஸ்பத்திரி ஓ.பி. கவுண்டரில் அரை மணி நேரம் நின்று பார்த்திருக்கிறோம்?

இந்த வருஷம் எங்கள் குழுவுக்கும் அதே தலைப்புதான். கோடு எழுதுமுன் ஸ்க்ரீனைப் பேப்பரில் வரைந்து நர்ஸம்மாவிடம் கொடுத்தேன். பதினொரு கட்டம் போட்டிருந்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவால் நாலு கட்டத்தை அடித்தார். எடையை பி.பி.க்கு மேலே ஏற்றினார். "எடை மெஷின்தான வாசப்பக்கம் இருக்கு, அதத்தான மொதல்ல பாப்போம்" என்றார்.

அதுகூட எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.