வரியும் வகுப்பறையும்

கல்வி யாவர்க்கும் பொது என மேடைதோறும் முழங்குகிறோம். அக்கல்விக்குரிய பொருள் எவரிடமிருந்து, எம்முறையில் வருகிறது என வினவுவார் சிலரே. அவ்வினாவில்தான் நீதியும் அநீதியும் பிரிகின்றன என்பது நம் கருத்து. அமெரிக்க வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அந்நாட்டுப் பொதுப் பள்ளிகளின் செலவில் பெரும்பங்கை அவ்வவ் வட்டாரத்து வீடு, நிலங்களின் மீதான வரி தாங்கி வந்துள்ளது. டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில், 1967-68இல், எட்ஜ்வுட் வட்டாரத்தார் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி செலுத்தினர். மாணவர் ஒருவருக்குக் கிட்டியது 26 டாலர். அண்டையிலிருந்த அலமோ ஹைட்ஸ் வட்டாரத்தார் 0.85 டாலரே செலுத்தினர். கிட்டியதோ 333 டாலர்! முன்னது மெக்சிக்கோ வழியினர் நிறைந்த ஏழ்மைப் பகுதி. பின்னது வெள்ளையர் மிகுந்த செல்வப் பகுதி. மாநில, நடுவண் அரசுகளின் உதவியைக் கூட்டிய பின்னரும் ஏற்றத்தாழ்வு நீங்கவில்லை.

ஏழையர் வீட்டின் மதிப்புத் தானே தாழ்ந்ததன்று. 1930களில் கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் நிறுவனமே கறுப்பின மக்கள் வாழ் பகுதிகளை வரைபடங்களில் சிவப்பு நிறமிட்டு, கடனீட்டுக்கு ஆகாதவை எனக் குறித்தது. கடனின்றேல் வீடு உயராது. வீடு உயராவிடில் வரி பெருகாது. வரி பெருகாவிடில் பள்ளி தழைக்காது. அதற்கு முன்னரே தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் வரியும் செலுத்தி, தம் கைப்பொருளும் உழைப்பும் ஈந்து, ரோசன்வால்டு பள்ளிகள் ஏறத்தாழ 5,000 எழத் துணை நின்றனர். ஒரே கல்விக்கு இருமுறை விலை கொடுத்தோர் அவர்கள்!

எட்ஜ்வுட் பெற்றோர் 1968இல் வழக்குத் தொடுத்தனர். வட்டார உரிமையைக் காரணங்காட்டி, 1973இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்னும் கணக்கில் அதனைத் தள்ளியது. 1954இல் பள்ளிகளின் நிறப்பிரிவினையை வீழ்த்திய வழக்கறிஞரும் பின்னர் நீதியரசருமான தர்குட் மார்ஷல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். வரி திரட்ட வழியற்ற ஊருக்கு வட்டார உரிமை வெறும் சொல்லன்றோ? 1989இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்நிதிமுறை செல்லாதென்றது. 1993இல்தான் செல்வ வட்டாரங்களின் மிகை வளத்தில் பங்கு கேட்கும் சட்டம் நிலைபெற்றது. வழக்கின் தொடக்கத்தில் முதல் வகுப்பிலிருந்த குழந்தை, அதற்குள் தன் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் அகவையை எய்தியிருக்கும்.

பிரிவினைச் சட்டத்தை ஒழித்தல் பாதி நீதியே. வரியை ஆற்றலுக்கேற்பத் திரட்டி, தேவைக்கேற்பப் பகிர்தலே மீதிப் பாதி. ஆகவே கல்வியைப் பற்றிப் பேசும் மாணவச் செல்வங்கள், பாடநூலோடு வரவுசெலவுத் திட்டத்தையும் படிக்க வேண்டும் என விழைகிறோம்.