வைஃபை பெட்டியும் பின் ரூம் டேப்லெட்டும்

வீட்ல வைஃபை ரவுட்டர் எங்க உக்காரணும்னு முடிவு பண்றது யாரு? வீட்டுக்காரர் இல்லீங்க, கேபிள் இழுக்க வர்ற தம்பி. வாசல்கிட்ட சுவத்துல ஒரு ஓட்டை, பக்கத்துல செருப்பு ஸ்டாண்டு, அது மேல பெட்டி. வேலை முடிஞ்சுது. ஆனா டேப்லெட் இருக்கறது பின் ரூம்ல, அனேகமா நடமாட முடியாத ஒரு பெரியவர் கையில. நடுவுல ரெண்டு செங்கல் சுவர், ஒரு இரும்பு பீரோ. வீடியோ கால்ல பேரன் மூஞ்சி உறைஞ்சு நின்னா, "நெட்டு சரியில்ல"ன்னு கம்பெனிக்காரனைத் திட்டுவோம். (அவனைத் திட்ட வேற காரணம் நிறைய இருக்கு, அது தனிப் பதிவு.)

மக்களே, என் கட்சி இதுதான்: காசு செலவு பண்றதுக்கு முன்னாடி பெட்டியை நகர்த்துங்க. வீட்டுக்கு நடுவுல, உயரமா, பீரோ ஃப்ரிட்ஜ் மறைக்காத இடமா பாத்து. ஃபைபர் ஒயரை நீளமா விடச் சொல்லி அந்தத் தம்பிகிட்ட முதல் நாளே கேட்டுடணும். அது கண்ணாடி இழை, நாமளா மடக்கி இழுக்கற சமாச்சாரம் இல்லை.

டேப்லெட்ல தெரியற கோடெல்லாம், ரவுட்டர் பேசறது அதுக்கு எவ்ளோ கேக்குதுங்கறது மட்டும்தான். டேப்லெட் திரும்பிப் பேசணுமே! சின்ன ஆன்டெனா, பேட்டரியில ஓடற சாதனம், குரல் சன்னமாத்தான் இருக்கும். "சூப்பர் பவர்" ரவுட்டர் வாங்கினா கோடு ஏறும், டேப்லெட்டோட குரல் அதேதான். அப்புறம், 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் ஜாஸ்தி, ஆனா சுவர் தாண்டறதுல சோப்ளாங்கி. பின் ரூமுக்கு 2.4 தான் தாங்கும். அதுலயும் 1, 6, 11ன்னு மூணு சேனல்ல, பக்கத்து வீட்டுக்காரர் இல்லாததா ஒண்ணைப் பிடிங்க.

அப்படியும் எட்டலையா? கடையில ரிப்பீட்டரைத்தான் முதல்ல நீட்டுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. ஒரே ரேடியோவுல கேட்டு, அதுலயே திருப்பிச் சொல்ற ரகம்னா வேகம் கிட்டத்தட்ட பாதியாயிடும். அதையும் சிக்னலே வராத ரூம்ல கொண்டுபோய் சொருகினா எதைத் திருப்பிச் சொல்லும், பாவம்? அதுக்குப் பரண்ல தூங்கற பழைய ரவுட்டர் தேவலை. ஹாலிலிருந்து பின் ரூமுக்கு ஒரு கேட்-6 ஒயர் (100 மீட்டர் வரைக்கும் இழுக்கலாம், நம்ம வீட்டுக்குத் தாராளம்), ரெண்டு முனையும் லேன் போர்ட்ல. பழசுல டிஹெச்சிபியை அணைச்சு, அதோட ஐபி முகவரி புதுசோட மோதாம மாத்திட்டு, அதே பேர், அதே பாஸ்வேர்டு, வேற சேனல். அவ்ளோதான்.

சுவத்துல ஒயர் ஓடினா அசிங்கமா இருக்கும்பாங்க தங்கமணி. கதவு நிலையை ஒட்டி கிளிப் அடிச்சா பாதி தெரியாது. மீதிக்கு, பின் ரூம்காரங்களையே சிபாரிசுக்குக் கூப்பிடுங்க :)