காட்டுத்தீயும் ஹெலிகாப்டரும்: ஒரு சிந்தனை

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நிற்போருக்குக் காட்டுத்தீ என்பது தொலைதூரச் செய்தியே. கண்முன் நீர்ப்பரப்பு, அப்பால் திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகள். ஆயினும், 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில் தீயிற் சிக்கியவர்களுள் சென்னையிலிருந்து சென்ற இளம்பெண்களும் இளைஞரும் இருந்தனர். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களை அத்தீ கொண்டுபோயிற்று. நம்மிடம் பயின்று ஆலைப் பணிக்கும் கணினிப் பணிக்கும் சென்ற மாணாக்கரின் வயதினர் அவர்கள். எனவே, இது நமக்கும் உரிய பேச்சே.

குரங்கணிக்குப் பின் கோடைதோறும் ஒரு வாதம் எழுந்து அடங்குகிறது. தீயணைப்பதற்கென்றே தனி வானூர்திகள் வேண்டும் என்பது அது. மேலைநாடுகளில் விமானங்கள் செந்நிறக் கலவையைக் காட்டின்மீது பொழியும் காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டவர்க்கு அவ்வெண்ணம் தோன்றுவது இயல்பே. நாமும் அதனை முற்றாக மறுக்கவில்லை. 2024 மார்ச் மாதம் குன்னூர் அருகே வனம் எரிந்தபோது, இந்திய விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் ஒன்று ‘பாம்பி பக்கெட்’ எனும் பெருவாளியைத் தொங்கவிட்டு நீர் முகந்து தீயின்மேல் ஊற்றியது. மனிதர் கால்வைக்க இயலாச் செங்குத்துச் சரிவுகளில் அதற்கு ஈடான கருவி வேறில்லை. 2022-இல் இராசத்தானத்துச் சரிஸ்காவிலும், 2024-இல் நைனிடாலிலும் இம்முறையே கைக்கொள்ளப்பட்டது.

ஆனால், ஒரு கணக்கையும் போட்டுப் பார்க்கவேண்டும். குன்னூரில் சில மணி நேரப் பறப்புகளில் ஊற்றப்பட்ட நீர் சுமார் 16,000 லிட்டர் என விமானப்படை தெரிவித்தது. நம் சாலைகளில் அன்றாடம் ஓடும் தண்ணீர் லாரிகளுள் பல 12,000 லிட்டர் கொள்ளும். ஆக, ஒன்றரை லாரித் தண்ணீர்கூட இல்லை! விமானப்படையின் பணியைக் குறைத்துக் கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. வானிலிருந்து விழும் நீர் தீயின் வேகத்தைத் தணிக்கும். சருகினடியிலும் கட்டையினுள்ளும் கனலும் நெருப்பைத் தேடி அவிப்பவன் தரையில் நிற்கும் மனிதனே.

வானூர்திக்கு வேறு எல்லைகளும் உண்டு. குரங்கணியில் இருள் சூழ்ந்தபின் மலையேறி, காயமுற்றோரைத் தூக்கிச் சுமந்து வந்தவர்களுள் அவ்வூர் மக்களும் அடங்குவர். 2025 சனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் விளிம்பு எரிந்தபோது, உலகிலேயே மிகுதியான தீயணைப்பு வானூர்திகளைக் கொண்ட மாநிலங்களுள் ஒன்றாகிய கலிபோர்னியாவில் அவை பறக்கவியலாது நின்றன; காரணம், சூறைக்காற்று. ஆஸ்திரேலியாவில் 2020 சனவரி 23 அன்று தீயணைப்பு விமானம் ஒன்று வீழ்ந்து அமெரிக்கர் மூவர் உயிர் நீத்தனர். அந்நாட்டில் இன்றும் ஓயாத விவாதம், விமானங்களுக்கு எவ்வளவு, காட்டைப் பருவமறிந்து சிறுதீயால் தூய்மை செய்வதற்கு எவ்வளவு என்பதே. அப்பழங்குடியினர் தொன்றுதொட்டுச் செய்துவந்ததும் அதுதான்.

நம் மண்ணுக்கும் இது புதிதன்று. குறிஞ்சி நில மக்கள் புனத்தைச் சுட்டுத் தினை விதைத்ததைச் சங்க இலக்கியம் பயில்வோர் அறிவர். கருநாடகத்துப் பிளிகிரிரங்கன் மலையில் சோலிகர் கோடையின் தொடக்கத்திலேயே சருகை மெல்ல எரித்துவிடுவர். சரணாலய விதிகள் அதனைத் தடுத்தன. அதன்பின் உண்ணிச்செடி புதராய் மண்டிற்று. இன்று தீப்பிடித்தால் அது மரத்தின் உச்சிவரை ஏறுகிறது. அவர்தம் அறிவைக் கேளாமல் அவர்களையே தீவைப்போர் என்று ஏசியது நம் படிப்பின் குறை என்றுதான் சொல்லவேண்டும்.

உறங்கச் செல்லுமுன் விளக்கை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். தீப்பற்றியபின் ஓடுவது பற்றியதன்று அப்பணிப்பு. ஒரகடத்து ஆலை எதனுள் நுழைந்தாலும் தீயணைப்புக் கருவி, மணல் வாளி, அபாயச் சங்கு, ஒன்றுகூடும் இடம் என யாவும் குறித்து வைக்கப்பட்டிருக்கும். அங்குப் பணிபுரியும் நம் மாணவரின் பெற்றோர் ஒத்திகையிலும் பங்குகொள்கின்றனர். ஹெலிகாப்டர் வரும் என நம்பி எந்த ஆலையும் திறக்கப்படுவதில்லை. காட்டிற்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

காட்டின் மணல்வாளி எது? தீத்தடுப்புக் கோடு. மாசிக்கு முன்னரே புல்லையும் சருகையும் அகற்றி, தீ தாண்டவியலா வெற்றிடமாக அதனை வைத்திருத்தல் வேண்டும். அதனைச் செய்பவர் பெரும்பாலும் கோடைக்கென்று தற்காலிகமாக அமர்த்தப்படும் தீக்காவலர். மலைவாழ் மக்களே அவருட் பலர். பச்சைக் கிளையைக் கையிற்கொண்டு நெருப்பை அடித்து அணைக்கும் அவர்களுக்கு நல்ல காலணியும், தீத்தாங்கும் உடையும், காற்றால் சருகை ஒதுக்கும் கருவியும், ஆண்டு முழுவதற்குமான ஊதியமும் வேண்டும். வானூர்திக் கோரிக்கைக்கு முன் வைக்கவேண்டிய கோரிக்கை இதுவென்பது நம் துணிபு.

ஹெலிகாப்டர் பறந்தால் படம் எடுக்க ஆள் வருகிறது. தைத் திங்களில் குரங்கணிக்குச் சென்று, ‘இவ்வாண்டு கோடு வெட்டியாயிற்றா?’ என்று கேட்கும் செய்தியாளர் ஒருவரையேனும் காண விழைகிறோம். அவர் நம் துறையில் பயின்ற மாணவராக இருப்பின் இன்னும் மகிழ்வோம்.