ஸ்க்ரூ டிரைவர் எங்கே?

அஞ்சறைப் பெட்டியில் கடுகு எங்கே, சீரகம் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்று கேட்டால் மட்டும், "அவர் வந்தாத்தான் தெரியும்" என்கிறோம். குக்கர் கைப்பிடி ஆடினால் அதற்கும் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருப்பதா? கொதிக்கிற குக்கர் நழுவினால் வெந்து போவது நம் கால்தானே!

சகோதரிகளே, கருவிகளை முதலில் பரணிலிருந்து இறக்குங்கள். சின்னக் குழந்தைகளுக்கு எட்டாத, ஆனால் நமக்கு எட்டுகிற இடத்தில் ஒரு பலகையை மாட்டுங்கள். அதில் ஆணியடித்துச் சுத்தியல், குறடு, ஸ்பேனர்களைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றைச் சுற்றியும் பென்சிலால் கோடு போட்டுவிட்டால், எது காணோம் என்று பார்த்ததுமே தெரியும். ஆணி, திருகாணிகளுக்குப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். ரம்பத்தின் பற்களுக்கு, நீளவாக்கில் கீறிய சைக்கிள் ட்யூப் நல்ல உறை. எங்கள் ஊர் உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருவேறும். துடைத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் தடவி வைப்பேன். டெஸ்டரை மட்டும் ஈரம் படாமல் தனியே வையுங்கள். கைப்பிடி விரிசல் கண்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது வீட்டுக்காரருக்கும் பொது. பெண்பிள்ளைகளுக்கும் திருகாணி முடுக்கக் கற்றுக்கொடுங்கள். நாளைக்கு ஹாஸ்டலிலோ புகுந்த வீட்டிலோ இதற்கெல்லாம் யார் முகத்தையும் பார்த்து நிற்க வேண்டாமே!

- ஒரு இல்லத்தரசி, தூத்துக்குடி